குளிர்காலத்தில் உடம்பு அசைந்தால் மனம் தாங்கும்: ஏன், எப்போது, எவ்வளவு

குளிர்கால விடியலில் அலாரம் அடிக்கும்போது வெளியே இன்னும் இருட்டாகவே இருக்கும். போர்வைக்குள் மட்டும்தான் சூடு. கையை நீட்டி அலாரத்தை அணைத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் என்று புரண்டு படுத்தால் அரை மணி போய்விடும். பிறகு நடக்கப் போக நேரம் இருக்காது. மாலையில் வேலை முடிந்து நிமிர்ந்தால் மறுபடியும் இருட்டு. ஒரு வாரம் இப்படிப் போனால் சோம்பல் போலத் தெரியும். மூன்று வாரம் போனால் யாரோடும் பேசப் பிடிக்காது, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும்.

இதைச் சோம்பல் என்று எண்ணித் தன்னையே திட்டிக்கொள்பவர்கள் அதிகம். உண்மையில் இதில் சோம்பலின் பங்கு குறைவு. வெளிச்சம் குறைவதால் உடம்பின் கடிகாரம் பின்தங்குகிறது. கடிகாரம் பின்தங்கினால் காலையில் எழ முடிவதில்லை. எழாததால் நடமாட்டம் குறைகிறது, நடமாட்டம் குறைந்ததால் மனம் இன்னும் சுணங்குகிறது, சுணங்கிய மனம் வெளியே போகவே மறுக்கிறது. இந்தச் சுழலை எந்த இடத்தில் வேண்டுமானாலும் அறுக்கலாம். ஆனால் மனதிலிருந்து தொடங்குவதைவிடக் காலிலிருந்து தொடங்குவது எளிது. அதுவும் காலை வெளிச்சத்தில் தொடங்கினால் இரண்டு முடிச்சுகள் ஒரே நேரத்தில் அவிழும்.

வெளிச்சம் செய்யும் வேலை

மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. தூக்கம், உடல் வெப்பம், ஹார்மோன் சுரப்பு எல்லாவற்றுக்கும் தாளம் கொடுப்பது அதுதான். மனிதரில் இந்தக் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். அதனால் தினமும் அதைச் சற்று முன்னுக்குத் தள்ளிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது காலை வெளிச்சம். விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை அறிவதற்கென்றே மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில அணுக்கள் உள்ளன. அவை கொடுக்கும் தகவலை வைத்துத்தான் மூளை இரவு ஹார்மோனான மெலடோனினை நிறுத்துகிறது. குளிர்காலத்தில் இந்தத் தகவல் தாமதமாகவும் மங்கலாகவும் போய்ச் சேர்வதால், எழுந்து பல் துலக்கிய பிறகும் உடம்புக்குள் இரவு முடிவதில்லை.

வீட்டு விளக்கு போதாதா என்று கேட்கலாம். அளவைப் பார்த்தால் விடை தெரியும். இரவில் ஒரு வீட்டு அறையின் வெளிச்சம் பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ் வரை இருக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). நன்றாக விளக்குப் போட்ட அலுவலகம் 500 லக்ஸ். மேகம் மூடிய குளிர்காலப் பகலில்கூட வெளியே 1,000 முதல் 10,000 லக்ஸ் வரை கிடைக்கும். கோடையின் நேர் வெயில் 1,00,000 லக்ஸைத் தொடும். கண்மணி சுருங்கி விரிந்து சமாளிப்பதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. ஆனால் மெலனாப்சின் அணுக்களுக்கு உறைக்கிறது. வானம் மூட்டமாக இருக்கிறது, வெளியே போய் என்ன பயன் என்று உள்ளேயே இருந்துவிடுவதுதான் குளிர்காலத்தில் எல்லோரும் செய்யும் முதல் தவறு. மூட்டமான பகலின் வெளிச்சம்கூட அறை விளக்கைவிடக் கடிகாரத்துக்குத் தெளிவான செய்தி.

இதை வைட்டமின் டியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வைட்டமின் டி தோலில் படும் யுவி-பி என்ற வகைப் புற ஊதாக் கதிரால் உருவாவது. சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். பூமத்திய ரேகையிலிருந்து தொலைவில் உள்ள நாடுகளில் குளிர்கால வெயிலில் அந்தக் கதிர் ஏறக்குறைய இருப்பதே இல்லை. இங்கே நாம் பேசுவது கண் வழியே போகும் வெளிச்சம். முகமும் கையும் முழுக்க மூடியிருந்தாலும், கண் திறந்திருந்தால் போதும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது.

குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வை 1984-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் தனியாக விவரித்தார்கள். பருவகால மனச்சோர்வு என்று அதைச் சொல்கிறோம். வழக்கமான மனச்சோர்வில் பலருக்குத் தூக்கமும் பசியும் குறையும். இதில் பெரும்பாலும் தலைகீழ். தூக்கம் கூடும், மாவுப் பண்டத்தின் மேல் ஆசை வரும், எடை ஏறும், கை கால் ஈயத்தைக் கட்டியதுபோல் கனக்கும். 2002-இல் ஆஸ்திரேலியாவில் கவின் லாம்பர்ட்டும் உடனிருந்தவர்களும் 101 ஆரோக்கியமான ஆண்களின் கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்து, மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற வேதிப்பொருள் மூளையில் எவ்வளவு புழங்குகிறது என்று அளந்தார்கள். குளிர்காலத்தில்தான் அது மிகக் குறைவாக இருந்தது. அன்றைய தினம் வெயில் எவ்வளவு நேரம் அடித்தது என்பதோடு அதன் அளவு ஏறி இறங்கியது. அதில் கலந்துகொண்டவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குளிர்காலச் சுணக்கம் பலருக்கும் கொஞ்சம் உண்டு, சிலருக்கு அது நோயாக முற்றுகிறது.

அசைவு என்ன செய்கிறது

உடற்பயிற்சி செய்தால் எண்டார்ஃபின் சுரந்து மனம் மகிழும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இரத்தத்தில் ஏறும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. பயிற்சிக்குப் பின் வரும் லேசான நிம்மதிக்கு எண்டோகன்னபினாய்டு எனப்படும் வேறு வகை வேதிப்பொருள்கள் காரணமாக இருக்கலாம் என்பதே இப்போதைய கணிப்பு. நீண்ட நாள் பயன்தான் நமக்கு முக்கியம். கிர்க் எரிக்சன் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள் நடந்தார்கள், மறு பாதியினர் தசை நீட்டல் மட்டும் செய்தார்கள். ஓராண்டு முடிவில் நடந்தவர்களுக்கு நினைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி ஏறத்தாழ 2% பெரிதானது, மற்றவர்களுக்குச் சுருங்கியது.

மனச்சோர்வை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் ஜேம்ஸ் புளூமென்தால் 1999-இல் வெளியிட்டது அடிக்கடி பேசப்படும். மனச்சோர்வு உள்ள, 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, ஒரு குழுவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை எடுத்தவர்களிடம் பலன் முதலில் வேகமாகத் தெரிந்தது. பயிற்சி மெதுவாக வந்து சேர்ந்தது. இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நான்கு நாள் நடந்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று விடுபவர்கள் மிக முன்னதாகவே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நடந்து முடித்த அந்த ஒரு மணி நேரத்தில் லேசான தெளிவு முதல் நாளே தெரியலாம். பொதுவான மனநிலை நகர்வதற்கு மூன்று நான்கு வாரமாவது வேண்டும்.

எவ்வளவு தேவை என்பதற்கு ஆண்ட்ரியா டன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல வழிகாட்டி. உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 17.5 கிலோகலோரி செலவாகும்படி பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது; 7 கிலோகலோரி அளவு மட்டும் செய்தவர்களுக்கு, வெறும் தசை நீட்டல் செய்தவர்களைவிடக் கூடுதல் பலன் இல்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் அளவு வாரம் 1,050 கிலோகலோரி. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: அந்த அளவை மூன்று நாளில் முடித்தாலும் ஐந்து நாளில் முடித்தாலும் பலன் ஒன்றுதான். குளிர்காலத்துக்கு இது பெரிய ஆறுதல். புயலடிக்கும் இரண்டு நாளை விட்டுவிட்டு மீதி நாளில் ஈடுகட்டலாம். ஒரு நாள் தவறியதற்காக வாரமே போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன பொது அளவும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையானது, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதம் என்பதை அளக்கக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

ஊக்கம் பின்னால்தான் வரும்

மனச்சோர்வின் தந்திரம் என்னவென்றால், எது நல்லதோ அதன் மேல் உள்ள ஆசையை முதலில் எடுத்துவிடும். ஆசை வந்ததும் போகலாம் என்று காத்திருப்பவருக்கு அது வராது. 1970-களில் பீட்டர் லெவின்சன் வகுத்த சிகிச்சை முறை இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது: மனநிலையைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்துச் செயலைத் தொடங்கு, மனநிலை பின்னால் வரும். இன்றும் மனச்சோர்வுக்கு அதிகம் கையாளப்படும் முறைகளில் அது ஒன்று.

அதனால் காலையில் முடிவெடுக்க எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. "நாளையிலிருந்து நடப்பேன்" என்பது முடிவே இல்லை. "பல் துலக்கி முடித்ததும் ஷூவைப் போடுவேன்" என்பதுதான் முடிவு. ஒரு செயலை ஏற்கெனவே நடக்கும் இன்னொரு செயலின் வாலில் கட்டிவிடும் இந்த வகைத் திட்டம் நன்றாக வேலை செய்கிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் விரிவாகக் காட்டியிருக்கிறார். முந்தின இரவே உள்ளாடை முதல் தொப்பி வரை போடும் வரிசையிலேயே நாற்காலியில் அடுக்கி வைத்துவிடுங்கள்; மேலே இருப்பது முதலில் போடுவது. சாக்ஸ் ஷூவுக்குள் இருக்கட்டும். சாவி ஜாக்கெட் பையில். அறை மிகக் குளிர்ந்தால் உள் அடுக்கை மட்டும் போர்வைக்குள் வைத்துப் படுத்தால் காலையில் அது உடம்புச் சூட்டில் இருக்கும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். ஆனால் பலருடைய காலை நடை நின்றுபோவது வாசலில் அல்ல, சில்லென்ற சட்டைக்குள் கையை விடும் அந்த ஒரு நொடியில்தான்.

தொடக்க அளவு வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். முதல் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 10 நிமிடம். இரண்டாம் வாரம் 15, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 25, ஐந்தாம் வாரம் 30. அப்போது வாரத்துக்கு 150 நிமிடம் வந்துவிடும். பத்து நிமிடத்தால் மனச்சோர்வு குறையும் என்பதற்காக அல்ல இந்தச் சிறிய தொடக்கம்; மேலே சொன்ன ஆய்வே அந்த அளவு போதாது என்கிறது. பழக்கம் வேர்விடும் வரை அதை முறிக்காமல் வைத்திருப்பதற்காகத்தான். மிக மோசமான நாளுக்கு ஒரு குறைந்தபட்சம் வைத்துக்கொள்ளுங்கள்: ஷூ போட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நிற்பது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு திரும்பிவிட்டாலும் அன்றைய கணக்கில் அது சேர்த்தி. பெரும்பாலும் நின்றவர்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள், நடக்காவிட்டாலும் கண் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டது.

எந்த நேரம்

எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள், வெளிச்சம் வந்த பிறகு. இதுதான் முதல் தேர்வு. விடியுமுன் இருட்டில் நடந்தால் உடம்புக்குப் பயிற்சி கிடைக்கும், கடிகாரத்துக்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்காது. வேலைக்குப் போகும் நேரமும் இருட்டாக இருக்கும் இடங்களில் நண்பகல் இடைவேளையை விட்டுவிடக் கூடாது: சாப்பாட்டுக்கு முன் 15 நிமிடம், பின் 10 நிமிடம். நார்வேயின் டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அங்கேகூட நண்பகலை ஒட்டி ஓரிரு மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும். எங்கே இருந்தாலும் பகலின் மிகப் பிரகாசமான பகுதி எது என்று கண்டுபிடித்து அதில் நடையைப் பொருத்துவதுதான் கணக்கு. கருப்புக் கண்ணாடி அணிந்தால் பாதி வேலை வீணாகும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் கண் கூசினால் மட்டும் அணியலாம்.

மாலைப் பயிற்சி தவறில்லை. படுக்கப் போகும் கடைசி ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கும் பயிற்சி மட்டும் வேண்டாம். உடல் வெப்பம் இறங்காமல் தூக்கம் தள்ளிப்போகும், தூக்கம் தள்ளினால் மறுநாள் காலை நடை போய்விடும். பிரகாசமான விளக்கின் கீழ் இரவு பத்து மணிக்கு ஜிம்மில் இருப்பவர் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடை: வாசலில் லேசாகக் குளிர வேண்டும்

கிளம்பும்போது கதகதப்பாக இருந்தால் உடை அதிகம் என்று பொருள். பத்து நிமிடத்தில் வியர்க்கும், வியர்வை துணியில் தங்கும், வேகம் குறைந்ததும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். நடுக்கத்தோடு வீடு திரும்புபவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். வெளியே இருப்பதைவிட 10 டிகிரி கூடுதல் வெப்பம் என்று நினைத்து உடுத்துவது நல்ல கணக்கு.

உடம்பை ஒட்டிய அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், நனைந்தால் சூட்டைத் தாங்காது. மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் வியர்வையை வெளியே கடத்தும். அதன் மேல் ஃபிளீஸ் போன்ற காற்றைப் பிடித்து வைக்கும் அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத மெல்லிய ஜாக்கெட். கழுத்துவரை ஜிப் இருந்தால் சூடேறும்போது திறந்துவிடலாம். கையைப் பொறுத்தவரை விரல்கள் தனித்தனியாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறை சூடானது, விரல்கள் ஒன்றுக்கொன்று சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். கால் குளிர்கிறதென்று இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கினால் இன்னும் குளிரும். இறுகிய பாதத்தில் இரத்த ஓட்டம் குறையும், சூட்டைக் காக்கும் காற்று இடைவெளியும் போய்விடும். ஒரே தடித்த சாக்ஸ், விரல் அசைய இடம், அவ்வளவு போதும். போனை உள் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். வீடு திரும்பியதும் ஈர உடையோடு உட்கார்ந்துவிடாமல் முதல் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட வேண்டும்.

எங்கே தவறும்

குளிர் படும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். அதோடு திடீர்க் கடும் உழைப்பும் சேர்ந்தால் இதயத்துக்குச் சுமை. பனி வாரும் வேலையில் மாரடைப்பு வருவது இதனால்தான்: கை மட்டும் வேலை செய்கிறது, மூச்சை அடக்கித் தூக்குகிறோம், வார்ம்-அப் இல்லை. இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மற்றவர்களும் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் நடந்து, தோளைச் சுழற்றிவிட்டு வெளியே போவது நல்லது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் என்றால் உடனே நிறுத்திவிட்டு அவசர உதவியை அழைக்க வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை குளிரைவிட வறட்சியால் வருகிறது. வாயால் வேகமாக இழுக்கும் வறண்ட காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்ச, குழாய் சுருங்குகிறது. பயிற்சி முடிந்து ஐந்து பத்து நிமிடத்தில் வரும் இருமலும் விசிலும் அதன் அடையாளம். மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடினால் வெளிவிடும் மூச்சின் ஈரம் உள்ளே வரும் காற்றோடு கலக்கும். பயிற்சிக்கு முன் இன்ஹேலர் தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

உறைபனியில் வழுக்கி விழுவதைத் தடுக்க நடையை மாற்ற வேண்டும். அடியைச் சுருக்கி, பாதத்தை முழுதாகத் தட்டையாக வைத்து, உடம்பின் எடை முன்காலின் மேல் வரும்படி நடக்க வேண்டும். கை பைக்குள் இருக்கக் கூடாது. சமநிலைக்கும் விழுந்தால் ஊன்றவும் கை வேண்டும். ஷூவின் மேல் மாட்டும் முள் பட்டைகள் உதவும், ஆனால் வழவழப்பான தரைக்குள் வரும்போது கழற்றிவிட வேண்டும், அங்கே அவையே வழுக்கும். காற்றும் சேர்ந்து உணரும் குளிர் சுமார் −28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் திறந்த தோல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். அன்று உள்ளேயே இருங்கள். மூக்கு நுனியோ காதோ விரலோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, திசு சிதையும். உள்ளே வந்து மெதுவாகச் சூடேற்றி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உறைபனி இல்லாத ஊர்களில் குளிர்காலத்தின் ஆபத்து வேறு. தரையோடு ஒட்டிய குளிர்ந்த காற்றை மேலே சூடான அடுக்கு ஒன்று மூடிபோல் அடைத்துவிடும். புகையும் தூசும் அதன் கீழே தேங்கும். விடியற்காலையில்தான் இது பெரும்பாலும் மோசம். அங்கே நடையைப் பத்து மணிக்கு மேல் தள்ளுங்கள், காற்றுத் தர எண்ணைப் பாருங்கள், மோசமான நாளில் வேகமாக மூச்சு வாங்கும் பயிற்சியை வெளியே செய்யாதீர்கள். தாகம் குளிரில் குறைவாகத் தெரியும், சிறுநீரோ அதிகம் போகும். கிளம்புமுன் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர்.

சளி பிடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி குளிர்காலத்தில் தவறாமல் வரும். தொந்தரவு கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால், அதாவது மூக்கொழுகல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால், பாதி வேகத்தில் நடக்கலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடல்வலி இருந்தால் முழு ஓய்வு. ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள்.

வெளியே போக முடியாத நாளுக்கு

சன்னலுக்குப் பக்கத்தில், பகலில் செய்ய ஒரு பதினைந்து நிமிடப் பயிற்சி. முதல் இரண்டு நிமிடம் நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடை. பிறகு ஒரு சுற்று: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவர் புஷ்-அப் 10, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது 12, படிக்கட்டின் முதல் படியில் ஏறி இறங்குவது காலுக்கு 10, பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது) 20 நொடி. அரை நிமிடம் ஓய்வு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும், மூன்று சுற்று.

இதில் நாற்காலிப் பயிற்சியைச் சரியாகச் செய்வதே பாதி பலன். நாற்காலி சுவரில் முட்டியபடி இருக்கட்டும், இல்லையென்றால் பின்னால் நகரும். பாதம் இடுப்பகலத்தில். இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். தொப்பென்று விழுந்தால் தொடைக்கு வேலையே இல்லை, முதுகெலும்புக்குத்தான் அதிர்ச்சி. முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாத விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். பத்தும் எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் இறங்கும் நேரத்தை ஐந்து எண்ணிக்கையாக்குங்கள். பிளாங்க்கில் இடுப்பு தொங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம், அதற்குப் பிறகு கணக்கு ஓடுமே தவிர வயிறு வேலை செய்யாது.

உள்ளேயே செய்யும் பயிற்சி தசைக்கும் மனதுக்கும் உதவும், வெளிச்சத்தின் இடத்தை நிரப்பாது. அன்று மேசையைச் சன்னலை ஒட்டி நகர்த்துங்கள். சன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே போனாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும்.

நடை மட்டும் போதாதபோது

ஒரு தாளில் தினமும் மூன்று எண்கள் எழுதி வாருங்கள்: எத்தனை நிமிடம் அசைந்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை. மனச்சோர்வில் நினைவு நம்பத்தக்கதல்ல, நல்ல நாளெல்லாம் மறந்துபோகும், தாள் மறக்காது. நான்கு வாரம் ஒழுங்காக நடந்த பிறகும் மூன்றாவது எண் ஏறவில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல, வேறு உதவி தேவை என்பதற்கான தகவல்.

நான்கு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. பெரும்பாலான நாள்களில் நாள் முழுக்க வாடிய மனநிலை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வேலையோ குடும்பமோ பாதிக்கப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே, அந்த மணியே, நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள், அவசர உதவியை அழையுங்கள். மனச்சோர்வில் இருப்பவரிடம் எழுந்து நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது கொடுமை. கூட வந்து ஐந்து நிமிடம் நடப்பது உதவி.

பருவகால மனச்சோர்வுக்கு ஒளி சிகிச்சை நன்கு ஆராயப்பட்ட ஒன்று. 10,000 லக்ஸ் தரும் பெட்டியின் முன், தயாரித்தவர் சொல்லும் தூரத்தில், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் தினமும் 30 நிமிடம். தூரம் முக்கியம்: பெட்டியைத் தள்ளி வைத்தால் லக்ஸ் வேகமாக விழும், 10,000 என்று எழுதிய பெட்டியிலிருந்து 2,000கூடக் கிடைக்காது. புற ஊதாக் கதிரை வடிகட்டும் பெட்டியாக இருக்க வேண்டும். விழித்திரை நோய் உள்ளவர்கள், தோலும் கண்ணும் ஒளியால் எளிதில் பாதிக்கப்படும் வகை மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சோர்வுக்கும் மிகையான உற்சாகத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய் உள்ளவர்கள் குறிப்பாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும், காலை ஒளி சிகிச்சை சிலரை எதிர்முனைக்கு, அடங்காத வேகத்துக்குத் தள்ளிவிடும்.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோஹன் 177 பேரிடம் நடத்திய ஆய்வு கவனிக்கத்தக்கது. பாதிப் பேருக்கு ஒளி சிகிச்சை, பாதிப் பேருக்கு எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை. அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமமாக உதவின. இரண்டு குளிர்காலம் கழிந்தபோது ஒளி சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 46% பேருக்கும், பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 27% பேருக்கும் மனச்சோர்வு திரும்பியிருந்தது. பெட்டியை ஒவ்வோர் ஆண்டும் எடுத்து வைத்து உட்கார வேண்டும். கற்றுக்கொண்ட பழக்கம் அடுத்த ஆண்டுக்கும் கூடவே வரும்.

ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் சுணக்கம் தொடங்குகிறது என்பதைக் கவனித்தவர்கள் அதற்கு நான்கு வாரம் முன்பே காலை நடையைத் தொடங்கிவிடுவது நல்லது. அப்போது வெளிச்சமும் இருக்கும், காலும் லேசாக இருக்கும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த மூன்று எண் தாளையும், சென்ற ஆண்டு எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் விட்டது என்ற குறிப்பையும், எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரையும் கையோடு கொண்டு போங்கள். தொடர்ந்து இரண்டு ஆண்டாவது அதே பருவத்தில் வந்ததா என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.